அவள் உங்களுக்கு என்ன வேண்டும்?

1

போன மாதம் விடுமுறையில் நெய்வேலிக்கு வந்திருந்தேன். மெயின் பஜாரில் அம்மாவோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, சுரங்கத்தில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த மாமா ஒருவர் எதிர்ப்பட்டார். "லண்டன்லேர்ந்து எப்பம்மா வந்த?" என்றார். நான் இருப்பது லண்டன் இல்லை, கோவென்ட்ரி. வருடக்கணக்கில் சொல்லிப் பார்த்து அலுத்து, விட்டுவிட்டேன். நலம் விசாரித்து முடித்ததும், "இங்கயே நில்லு, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூடு ஆறாத ஒரு தாள். மருமகனின் பாஸ்போர்ட் நகல்.

"டிப்ளமோ மெக்கானிக்கல். கான்ட்ராக்ட்ல ஓட்டிகினு இருக்கான். நீ மனசு வெச்சா ஒரு விசா போட்டுக் குடுத்துடலாம்."

"மாமா, நான் விசா குடுக்கற ஆள் இல்ல. விசா கெடையாதுன்னு சொல்லிட்டவங்களுக்காக வாதாடற வக்கீல்."

அவர் சற்று யோசித்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

நடுக்கடையில், கையில் வெண்டைக்காயை வைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் அங்கே என்ன செய்கிறேன் என்று விளக்குவதைவிட ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்வது எளிது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். அம்மா டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் அலுவலக எழுத்தர். நான் குவார்ட்டர்ஸில் பிறந்து குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வேலை பெர்மனென்ட், வீடு பெர்மனென்ட் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி முறைப்படி கடிதம் வந்தது. அப்பா சாவியை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டியிருந்த புது வீட்டுக்கு வந்து, அன்று முழுவதும் அந்தக் கையெழுத்துத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தாளின் பலத்தில் ஓர் இடத்தில் இருப்பது என்றால் என்ன என்று எனக்கு அன்று புரிந்தது.

கம்மாபுரத்திலிருந்து வந்து என்னோடு படித்த ஒரு தோழியின் வீட்டில் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறேன். சுரங்கத்துக்காக நிலம் கைமாறிப் போன குடும்பம். அவளுடைய அப்பா ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் பட்டா, மனு நகல், பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நடையாய் நடப்பார். எதைக் காட்டினாலும், "இது இல்ல, இன்னொண்ணு வேணும்" என்பதுதான் பதில்.

சென்னையில் சட்டம் படித்தேன். கல்யாணமாகிக் கணவரோடு இங்கிலாந்து வந்தேன். பகலில் சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் நின்று, சாயங்காலம் படித்து, அந்த நாட்டுத் தேர்வுகளை மறுபடி எழுதினேன். ஏழைக் குடும்பங்களுக்காகக் குடியேற்ற வழக்கு நடத்தும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தவர் எரித்திரியாவைச் சேர்ந்த ஒரு பெண். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அவர் ஒவ்வொரு தாளாக எடுத்து மேசையில் வைத்தபோது, இந்த வேலையை நான் விடமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

3

ஜரீனா என்னிடம் வந்தது இரண்டு வருடம் முன்பு. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர். கணவர் ஓர் உணவகத்தில் சமையல்காரர். இருவருக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை உண்டு. சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். என் தோற்றத்தைப் பார்த்து வடக்கத்தியவள் என்று நினைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்துப் பேச முயன்றார். நான் விண்ணப்பத்தைப் புரட்டினேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் நெய்வேலி என்றிருந்தது.

"நெய்வேலியா? எந்த பிளாக்?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

ஜரீனா என்னையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பிளாக் இல்லீங்க, நாங்க வெளிய. முத்தாண்டிக்குப்பம். எங்க அத்தா பஜார்ல வாட்ச் ரிப்பேர் கடை வெச்சிருந்தாரு. இஸ்கூல் மட்டும்தான் உள்ள." உள்ளே, வெளியே என்று டவுன்ஷிப்பை வைத்து உலகத்தைப் பிரிக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. அதன் பிறகு நான் அவருக்கு மேடம் இல்லை, அக்கா.

அவர் சொன்னது இது. அவருக்கு ஒரே அக்கா, பாத்திமா. பண்ருட்டியில் ரபீக் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குழந்தை ஆயிஷாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஜமாஅத்தில் பேசிப் பிரிந்தார்கள். ரபீக் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பாத்திமா முத்தாண்டிக்குப்பத்துக்கே திரும்பி வந்து, துணி தைத்துக் குழந்தையை வளர்த்தார். அத்தாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகக் காலமானார்கள். அதன் பிறகு பாத்திமாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது.

ஜரீனா ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போய் அக்காவைப் பார்த்துக்கொண்டார். திரும்பும் சமயத்தில் பாத்திமா கேட்டுக்கொண்டார்: "லீவுக்கு இவள உன்னோட இட்டுகினு போ. நான் ஊசியும் டியூபுமா கெடக்கறத இவ பாத்துகினு இருக்க வேணாம்." விடுமுறை விசா வாங்கி, அம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு ஒன்பது வயது ஆயிஷா இங்கிலாந்து வந்தாள்.

விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார்: இவள் உங்களுக்கு என்ன வேண்டும்?

"மை டாட்டர்னு சொன்னேங்க அக்கா. வேற இன்னா சொல்றது? அக்கா பொண்ணு நம்ம பொண்ணுதானே? அப்புறம் பாஸ்போர்ட்டுல அம்மா பேரு பாத்திமான்னு இருக்கறதப் பாத்துட்டு அவரு மொறச்சாரு. கடுதாசியக் காட்டுனேன். படிச்சிட்டு வுட்டுட்டாரு. ஆனா என்னமோ எழுதிகினாரு."

ஐந்தாவது வாரம் பாத்திமா இறந்துபோனார்.

இனி குழந்தை யாரிடம் போவாள்? ஜரீனா அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். ஒரு தெரிந்தவரின் உதவியோடு தானே படிவத்தை நிரப்பி அனுப்பினார். பல மாதம் கழித்து வந்த பதிலைத்தான் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. எல்லையில் இந்தப் பெண் தன் மகள் என்று சொன்ன நீங்கள், இப்போது சகோதரியின் மகள் என்கிறீர்கள். அதிகாரியிடம் பொய் சொன்ன உங்கள் மற்ற கூற்றுகளையும் நம்ப இயலவில்லை. குழந்தையின் தந்தை இந்தியாவில் உயிரோடு இருக்கிறார். குழந்தையை அவரிடம் திருப்பி அனுப்பலாம்.

"நான் சொன்னது பொய்யா அக்கா?" என்று கேட்டார் ஜரீனா. குழந்தையை அனுப்பிவிடுவார்களே என்ற பயமல்ல அந்தக் குரலில் இருந்தது. அதை அவர் அடுத்துத்தான் கேட்டார். முதலில் கேட்டது இதைத்தான்.

4

அன்று சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கடிதத்தை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். என் மகள் நிலாவுக்குப் பதிமூன்று வயது. தமிழில் சொன்னால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். இன்னார் என்று பெயர் சொல்லாமல், விஷயத்தை மட்டும் அவளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். நியாயமான பெண்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆனா அவங்க சொன்னது பொய்தானேம்மா? மகள் இல்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. சென்னையில் இருக்கும் என் தங்கை மலரை இவள் 'ஆன்ட்டி' என்று கூப்பிடுகிறாள். சின்ன வயதில் சித்தி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போது மாறியது என்று எனக்கு நினைவில்லை. நான் கவனிக்கவே இல்லை. நான் பெற்ற பிள்ளைக்கே புரியாததை, தமிழ் காதில் விழாமலே வளர்ந்த ஒரு நீதிபதிக்கு எப்படிப் புரியவைப்பேன்?

மேல்முறையீடு செய்தேன். பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மையாரிடம் நம் உறவு முறைகளைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் வாங்கினேன். ஆயிஷாவின் பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள். சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை தந்தார். பாத்திமாவின் சிகிச்சைச் சீட்டுகளும் இறப்புச் சான்றிதழும் வந்துசேர்ந்தன. ஆனால் எல்லாம் சேர்ந்தாலும் ஓர் ஓட்டை அப்படியே இருந்தது. அப்பா உயிரோடு இருக்கிறார்.

"அவரப் பாத்துப் பேசணும் ஜரீனா."

"வேணாங்க அக்கா." முகம் வெளுத்துவிட்டது. "மச்சானத் தேடிப் போவாதீங்க. இத்தினி வருசமா அவரு பாட்டுக்குக் கெடக்கறாரு. நீங்க போயி நின்னு, அவரு எம் பொண்ணு எனக்கு வேணும்னுட்டா?"

"சொல்லலாம். அப்பிடிச் சொன்னா அதையும் நான் மறைக்க முடியாது."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"அவரக் காட்டித்தான் பாப்பாவ அனுப்பச் சொல்றாங்க. அவரு மனசுல என்ன இருக்குன்னு தெரியாம நீதிபதி முன்னாடி போய் நின்னா, அவங்க கேக்கற முதல் கேள்விக்கே நம்மகிட்ட பதில் இருக்காது."

ஜரீனா எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் போன் எடுக்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை. அவருடைய பயம் அர்த்தமில்லாத பயம் இல்லை. நான்காவது வாரம் ஒரே ஒரு செய்தி வந்தது: "போங்க அக்கா. அல்லா இருக்கான்."

5

பலாப்பழக் காலம். வருடாந்தர விடுப்பை முன்னால் இழுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். பண்ருட்டிக்கு என்னை அழைத்துப் போனது அம்மா. அறுபத்தெட்டு வயதில் ஸ்கூட்டி ஓட்டுகிறார். பின்னால் நான் உட்கார்ந்திருந்தால் இன்னும் வேகமாக ஓட்டுகிறார். ஜரீனாவிடம் கேட்டுக்கொண்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர் இல்லையா, பாத்திமாவை அவருக்கு நினைவிருந்தது. "வாட்ச் கடைக்காரர் பொண்ணு. டி.சி. வாங்க வந்தப்ப, மேல படிக்கணும்னு ஆசையா இருக்கு டீச்சர்னு சொன்னா. நான் டீச்சரே இல்ல, கிளார்க்கு" என்றார் வழியில்.

பண்ருட்டியைச் சேர்ந்த நோட்டரி வழக்கறிஞர் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தேன். ரபீக் சொல்வதை நானே எழுதிக்கொண்டால், என் வழக்கிலேயே நான் சாட்சியாகிவிடுவேன். எழுதுவதும் வாசித்துக் காட்டுவதும் அவர் வேலை.

ரபீக் ஒரு பலாப்பழ மண்டியில் வேலை செய்துகொண்டிருந்தார். லாரியிலிருந்து பழங்களை இறக்கி ரகம் பிரிக்கும் வேலை. நாற்பது வயது இருக்கும், அதைவிட மூப்பாகத் தெரிந்தார். நான் யார் என்று சொன்னதும், கையில் இருந்த பழத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பாத்திமா மவுத்தாயிட்டது தெரியுங்க. ஜமாத்துல சொன்னாங்க. மையத்து அடக்கம் பண்றப்ப வந்து கடேசில நின்னுகினு இருந்துட்டுப் போயிட்டேன்." பிறகு, "பாப்பா எங்க?" என்றார்.

சொன்னேன். இங்கிலாந்து, சின்னம்மா, விண்ணப்பம், நிராகரிப்பு. அவரிடம் அனுப்பலாம் என்று கடிதத்தில் எழுதியிருப்பதையும் சொன்னேன்.

"என்கிட்டயா?"

"ஆமாங்க. நீங்க அப்பா."

லுங்கியில் கையைத் துடைத்தார். பலாப் பிசின் போகவில்லை. திரும்பத் திரும்பத் துடைத்தார். "நான் வெச்சிக்கறேன்னு சொன்னா?"

அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். 'ஏதாவது சொல்லி மாத்து' என்ற பார்வை.

"சொன்னா, சொன்னபடி எழுதிக்குவாங்க. எங்க கேஸுக்கு அது கஷ்டம். ஆனா உங்க பொண்ணு. உங்களுக்கு உரிமை இருக்கு. பொய் எழுதி வாங்கிகினு போக நான் வரல" என்றேன். பதற்றத்தில் எனக்கே ஊர்ப் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

அவர் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் இருந்த தன் வீட்டுக்குள் போனார். இருபது நிமிடம் ஆனது. நோட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். நான் வழக்கில் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஜரீனாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

ரபீக் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். சட்டை மாற்றியிருந்தார்.

"எம் பொஞ்சாதிகிட்ட கேட்டேன். இட்டுகினு வாங்கன்னுதான் சொன்னா. நல்ல பொண்ணு அவ. நான்தான் உக்காந்து யோசிச்சேன்." நோட்டரியைப் பார்த்துப் பேசுவதுபோல் என்னிடம் பேசினார். "ஆறு வருசமா அவ மூஞ்சியப் பாக்கல. எத்தினாவது படிக்கறான்னு கேட்டா தெரியாது. அவளுக்கு ஜொரம் வந்தா எந்த டாக்டரு, தெரியாது. இப்ப போயி, அத்தா வந்திருக்கேன் வான்னா, அந்தப் புள்ள எதுக்குங்க வரணும்? அம்மா போன புள்ளைக்கு ஒரு அம்மா கெடச்சிருக்கு. அத நான் புடுங்கக் கூடாது. எழுதுங்க சார்."

நோட்டரி எழுதினார், வாசித்துக் காட்டினார். ரபீக் இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார். 'குழந்தையைப் பராமரிக்க எனக்கு விருப்பமில்லை' என்று இருந்ததை அடிக்கச் சொன்னார். "விருப்பமில்லாம இல்லீங்க. எனக்குத் தகுதியில்லன்னு எழுதுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு, தீர்ப்பு எப்படி வந்தாலும் தனக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். திரும்பும்போது அம்மா ஸ்கூட்டியை மெதுவாகத்தான் ஓட்டினார்.

6

விசாரணைக்குப் பெரிய கூண்டு, மேடை என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஓர் அலுவலக அறை. நீண்ட மேசை. ஒரு பக்கம் நீதிபதி, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. எதிரே நானும் ஜரீனாவும். பக்கவாட்டில் குடியேற்றத் துறையின் பிரதிநிதி. ஜரீனாவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். ஆயிஷா பள்ளிக்குப் போயிருந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணியமான பெரியவர். தொடங்கும் முன் ஜரீனாவைச் சோதிக்கும்படி நீதிபதி சொன்னார். அவர் திரும்பி, "நான் கதைக்கிறது விளங்குதோ? நீங்கள் இனிக் கதைக்கலாம்" என்றார்.

ஜரீனா பதறிப்போனார். "கதையெல்லாம் வுடலீங்க ஐயா! நெஜத்தத்தான் சொல்லப் போறேன்!"

பெரியவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார். என்ன என்று நீதிபதி கேட்க, இரண்டு கரைத் தமிழில் ஒரே சொல் செய்த குழப்பத்தை அவர் விளக்கினார். நீதிபதியும் சிரித்தார். அந்த அறையில் அதுவரை இருந்த விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது.

துறையின் பிரதிநிதி நேராக விஷயத்துக்கு வந்தார். எல்லையில் மகள் என்றீர்கள். இன்று சகோதரியின் மகள் என்கிறீர்கள். எது உண்மை?

"ரெண்டும்தாங்க."

"இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?"

ஜரீனா என்னைப் பார்த்தார். நான் உதவ முடியாது. சாட்சி சொல்லும்போது வக்கீல் வாய் திறக்கக் கூடாது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீதிபதி குறுக்கிட்டார். அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை, ஜரீனாவைத் தயார் செய்யவும் இல்லை. "உங்கள் குடும்பத்தில் உள்ள எல்லாச் சிறுமிகளையும் மகள் என்றுதான் சொல்வீர்களா? அன்பாக அப்படிச் சொல்வது வழக்கமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அன்பாகச் சொல்வது எல்லா மொழியிலும் உண்டு. அது அதிகாரியிடம் சொன்ன பொய்யை உண்மையாக்காது.

ஜரீனா உடனே தலையை ஆட்டினார். "இல்லீங்க, அது எப்பிடி? ஆளாளுக்கு மொற இருக்குதில்ல? எங்க பெரியப்பா மவன் ஒருத்தரு இருக்காரு, எனக்கு அண்ணன் மொற. அவரு பொண்ணு எனக்கு மருமவ. அந்தப் புள்ளைய எம் பொண்ணுன்னு சொன்னா சிரிப்பாங்க. அக்கா பொண்ணுதான் எனக்குப் பொண்ணு. அவ என்னச் சின்னம்மான்னு கூப்புடறா. அம்மாவுல பெரிசு இருக்கு, சின்னது இருக்கு. அவ்ளோதாங்க வித்தியாசம்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் நிதானமாகச் சொன்னார். நீதிபதி எழுதினார். நிமிர்ந்து, "அண்ணன் மகள் மகள் ஆகமாட்டாள். அக்கா மகள் மகள். சரியா?" என்று கேட்டார். ஜரீனா, "அதேதாங்க" என்றார், கடைசியில் ஒருவருக்குப் புரிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தோடு. பேராசிரியையின் கடிதத்தில் இதே விஷயம்தான் படம் போட்டு விளக்கப்பட்டிருந்தது. நீதிபதி பக்கத்தைப் புரட்டி அதைப் பார்த்தார். பிறகு ரபீக்கின் வாக்குமூலத்தை எடுத்தார். அடித்துத் திருத்தியிருந்த அந்த வரியில் அவர் விரல் சற்று நேரம் நின்றது.

துறையின் பிரதிநிதி அதன் பிறகு அதிகம் கேட்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். அவருக்குக் கொடுத்திருந்த கோப்பில் 'டாட்டர்' என்ற ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

7

தீர்ப்பு அன்றே சொல்ல மாட்டார்கள். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் நான் வீட்டில் நல்ல மனுஷியாக இருப்பதில்லை என்று கணவர் சொல்வார். இந்த வேலையில் தோற்றும் இருக்கிறேன். ஒரு குடும்பத்தை விமானம் ஏற்றி அனுப்பிய அன்று அலுவலகக் கழிவறையில் நின்று அழுதிருக்கிறேன். அந்த வீட்டுப் பையன் விட்டுச் சென்ற கணக்கு நோட்டு இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. அதனால் நன்றாக நடந்த விசாரணையை நம்புவதில்லை.

அந்தக் காத்திருப்பில் ஒரு நாள், விசாரணையில் நடந்ததை நிலாவிடம் சொன்னேன். அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "அப்ப மலர் ஆன்ட்டிக்கு நான் என்ன?" என்றாள். "பொண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மலரிடமிருந்து எனக்கு போன்: "என்னடி ஆச்சு உன் பொண்ணுக்கு? திடீர்னு சித்தின்னு மெசேஜ் போடறா?" பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. பாதி நாள் இன்னும் ஆன்ட்டிதான். மீதி நாளுக்கு நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

தீர்ப்பு ஒரு வியாழக்கிழமை காலை மின்னஞ்சலில் வந்தது. எல்லா வக்கீல்களையும் போல நானும் கடைசிப் பத்தியை முதலில் படித்தேன். மேல்முறையீடு ஏற்கப்படுகிறது.

கதவைச் சாத்திவிட்டு முதலிலிருந்து படித்தேன். நடுவில் ஒரு பத்தி. சாட்சி எல்லையில் பொய் சொல்லவில்லை. தன் மொழியில் துல்லியமான ஒரு சொல்லை, அந்தத் துல்லியம் இல்லாத மொழியில் சொன்னார். இதை ஜரீனாவுக்காகத் தமிழில் எழுதியபோது ஓர் இடத்தில் பேனா நின்றது. தீர்ப்பில் 'ஆன்ட்' என்று இருந்தது. அகராதியைப் பார்த்தால் அத்தை என்று போடச் சொல்லும். அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவள் அல்லவா? சின்னம்மா என்று எழுதினேன்.

ஜரீனா வேலையில் இருந்தார். இடைவேளையில் அவரே கூப்பிட்டார். பின்னணியில் துணி துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சல். சொன்னேன்.

"ஜரீனா?"

"கீழ உக்காந்துட்டேங்க அக்கா." மூச்சு வாங்கினார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.

"நான் பொய் சொல்லலன்னு எழுதியிருக்காங்களா?"

"எழுதியிருக்காங்க. படிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம். வூட்டுக்குப் போயி அவரோட உக்காந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் அழுதார். எனக்கும் தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. மதியம் வரை ஒரு வேலையும் ஓடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்திருக்க முடிவதே சுகமாக இருந்தது.

ரபீக்குக்கும் சொன்னேன். "அல்ஹம்துலில்லா" என்றார். வேறு ஏதோ கேட்க நினைத்து, விட்டுவிட்டு, "அங்க பலாப்பழம் கெடைக்குமாங்க? சின்னதுல சொளைய வாயில போட்டா கொட்டையத் துப்பத் தெரியாது அவளுக்கு, நான்தான் எடுத்துட்டுக் குடுப்பேன்" என்றார்.

"டின்ல அடைச்சது கெடைக்குங்க."

"டின்லயா?" என்றார்.

துறை இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. ஆயிஷாவின் அனுமதி வந்ததும், அசல் தாள்களைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஜரீனா அவளை அழைத்துக்கொண்டு அலுவலகம் வந்தார். பதினோரு வயது இப்போது. உயரமாகிவிட்டாள். பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் கடிதம், பள்ளிச் சான்று என்று நான் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுக்க, அவள் வாங்கி ஒரு புது உறையில் அடுக்கினாள். அம்மாவின் கடிதத்தை மட்டும் உறையில் போடாமல் கையில் வைத்துக்கொண்டாள். கோப்பின் மேல் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கதவருகே போய்த் திரும்பி, "போயிட்டு வரேன் பெரியம்மா" என்றாள் ஆயிஷா.

ஜரீனாவுக்கு நான் அக்கா என்றால், அவளுக்கு நான் பெரியம்மாதானே. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே கணக்குப் போட்டிருக்கிறாள்.

"வராதே" என்றேன்.

ஜரீனா திடுக்கிட்டார். வாசலில் நிற்கும் பிள்ளையிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா?

"இந்த ஆபீசுக்கு இனிமே நீ வரவே வேணாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. தோசை ஊத்தறேன்."

ஜரீனாவுக்குப் புரிந்ததும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. படியிறங்கித் தெருவுக்குப் போன பிறகும் அவர் சிரிப்பது ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தது.